கடிபட்ட எலிகள்

கையில இருக்கிற ரத்தம் என்னோடது இல்ல டாக்டர். ஸ்ட்ரெச்சர் தள்ளிட்டு வந்தானே ஒருத்தன், நெட்டையா, அவனோடது. மூக்குதான். ரெண்டு நாள் வீங்கும், அப்புறம் வத்திடும். நான் கை நீட்டுற ஆளே இல்ல, எங்க தெருவுல யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க. "பெரியவரே, வெளியில நில்லுங்க"ன்னு என் நெஞ்சுல கை வெச்சான். என் சம்சாரத்தை உள்ள கொண்டு போறாங்க, நான் வெளியில நிக்கணுமாம். கை தன்னால போயிடுச்சு. அதுக்குப் பேர் அடி இல்ல, தற்காப்பு. எழுதுறதுன்னா அப்படியே எழுதிக்குங்க.

கேட்டீங்க, கேட்டீங்க, காதுல விழுந்துச்சு. என்ன மாத்திரை சாப்பிடுறாங்க, கடைசியா எப்போ சாப்பிட்டாங்க. அதைச் சொல்லத்தானே உட்கார்ந்திருக்கேன். ஆனா மொட்டையாச் சொன்னா உங்களுக்குப் புரியாது. மத்தவங்க மாதிரி நீங்களும் என் மருந்து மேல பழியைப் போட்டுட்டு எந்திரிச்சுப் போயிடுவீங்க. முதல்ல உட்காருங்க. உங்களுக்கு என்ன வயசு இருக்கும்? என்கிட்ட ஆராய்ச்சி பண்ற பிள்ளைங்க வயசுதான். உட்காரும்மா.

என் பேரு தெய்வசிகாமணி. நானும் டாக்டர்தான், ஊசி போடுற டாக்டர் இல்ல. உடம்பு தன்னைத்தானே தின்னுற வியாதிகளுக்குன்னு எங்க ஆராய்ச்சி நிலையத்துல தனிப் பிரிவு இருக்கு, அதுக்கு நான் தலைவன். காலேஜுகள்ல பேசக் கூப்பிட்டா ஒரே வரியில விளக்கிடுவேன். வேலியே பயிரை மேயுதுப்பான்னு சொல்வேன். கிருமி வந்தா அடிக்கிறதுக்குன்னு உடம்பு ஆள் வெச்சிருக்கு. அந்த ஆளுங்க ஒருநாள் புத்தி தடுமாறி வீட்டுக்காரனையே போட்டு அடிக்கிறாங்க. அடிக்கிறவனுக்குத் தான் பண்றது தப்புன்னே தெரியாது, வீட்டைக் காப்பாத்துறோம்னு நினைச்சுக்கிட்டேதான் அடிப்பான். பசங்க கைதட்டுவாங்க. அந்த வரிக்கு எல்லா ஊர்லயும் கைதட்டல் உண்டு.

உள்ள படுத்திருக்கிறது வடிவு. வடிவாம்பாள். முடக்குவாதம். கணக்கு டீச்சரா இருந்தா. ஒருநாள் போர்டுல எழுதும்போது சாக்பீஸ் கீழ விழுந்துச்சாம். எடுத்தாளாம், மறுபடியும் விழுந்துச்சாம். பிள்ளைங்க சிரிச்சிருக்குங்க. வீட்டுக்கு வந்து சோத்தைப் பிசைய முடியாம அழுதா. கல்யாணத்துக்கு முன்னாடி இருந்து நான் ஆராய்ச்சி பண்ற வியாதி, டாக்டர், எத்தனையோ கோடி பொம்பளைங்க இருக்கும்போது என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்துச்சு. எங்க இயக்குநர் கேன்டீன்ல எல்லார் முன்னாடியும், "என்னய்யா தெய்வம், சாம்பிளுக்கு இனிமே அலைய வேண்டாம் போல"ன்னார். கையில இருந்த டீயை அவர் மூஞ்சியில ஊத்தினேன். ஆறின டீதான். அதையும் பெரிசு பண்ணினாங்க.

பிரஷர் ஏற மாட்டேங்குதா? சலைன் போகுதுல்ல. போகட்டும். அது இறங்குறதுக்குள்ள நான் சொல்லி முடிச்சிடுவேன்.

என் மருந்தைப் பத்திச் சொல்லணும். ஆளுங்க புத்தி தடுமாறிட்டாங்கன்னா எல்லாரையும் சுட்டுத் தள்றதுதான் இப்ப இருக்கிற வைத்தியம். என்னோடது அப்படி இல்ல. தடுமாறினவனை மட்டும் தேடிப் பிடிச்சுத் தட்டி உட்கார வைக்கும். பாதி வாழ்க்கை அதுக்குப் போச்சு. கண்ணாடிக் குடுவையில ஜோரா வேலை செஞ்சுது. அடுத்தது எலி.

எலியில ஒரு சாதி உண்டு. பழுப்பு நிறம், உள்ளங்கையில அடங்கும். ஆணாத்தான் இருக்கணும். வால் அடியில ஊசி போட்டுட்டா கொஞ்ச வாரத்துல பாதம் வீங்கி, விரல் கோணிக்கும். வடிவு கையைப் பாத்தீங்கல்ல, அதே மாதிரி. பாதிக்கு மருந்து குடுப்போம், பாதிக்கு வெறும் உப்புத்தண்ணி. எது வீங்குது, எது வத்துதுன்னு அளப்போம். அவ்வளவுதான் வேலை. ஆனா அந்த ஆண் எலி இருக்கே, பொல்லாதது. ஒரு வயித்துல பிறந்து ஒண்ணா வளர்ந்ததுங்களைத்தான் ஒரு கூண்டுல வைக்கணும். வேற கூண்டு ஆணைக் கொண்டுபோய்ப் போட்டா ரத்தக் களரிதான். கூண்டு கழுவும்போதுகூடப் பழைய கூட்டுப் பஞ்சுல ஒரு பிடி எடுத்துப் புதுக் கூண்டுல போடணும். அந்த வாசனை இருந்தாத்தான் அதுக்குத் தன் வீடு, தன் ஆளுன்னு தெரியும். முதல் நாள் வேலைக்கு வர்ற பிள்ளைக்கு நான் சொல்லிக்குடுக்கிற முதல் பாடமே இதுதான்.

அந்தச் சமயம் பாத்து டெல்லியில இருந்து குழு வருதுன்னு தகவல். அவங்க தலையாட்டினாத்தான் மருந்து எலியைத் தாண்டி மனுஷனுக்குப் போகும். எலிக்கூடத்தைப் பாத்துக்கிற கதிரேசன் அன்னைக்குன்னு பாத்து பொண்ணுக்குக் காதுகுத்துன்னு லீவு. நானே இறங்கினேன். எல்லாக் கூண்டையும் என் கையாலயே கழுவினேன். பழைய பஞ்சு ஒரே நாத்தம், வாரிக் குப்பையில கொட்டினேன். மருந்து சாப்பிட்ட எலிகளோட கூண்டுக்கு மட்டும் ஒரு பிடி பழசைப் போட்டேன். என் மருந்து சாப்பிட்ட பிள்ளைங்க இல்லையா, பாசம் இருக்கும்ல. உப்புத்தண்ணிக் கூட்டம் இங்க ரெண்டு அங்க மூணுன்னு சிதறிக் கிடந்துச்சு, வர்றவங்க கண்ணுக்கு அசிங்கமா இருக்குமேன்னு அதுகளை ஒண்ணாச் சேத்து வரிசையா அடுக்கினேன். பாக்கிறதுக்கு அவ்வளவு லட்சணமா இருந்துச்சு.

மறுநாள் காலையில போறேன், உப்புத்தண்ணிக் கூண்டு பூரா ரத்தம். சுவர்ல தெறிச்சுக் காஞ்சிருக்கு. ஒண்ணுக்கு வாலே இல்ல. ஒண்ணு முதுகுத் தோல் உரிஞ்சு, உரிஞ்ச தோலை இழுத்துக்கிட்டே சுத்துது. ஒண்ணு செத்து மல்லாந்து கிடக்கு, இன்னொண்ணு அது வயித்துல வாயை வெச்சுத் தின்னுக்கிட்டே என்னை நிமிர்ந்து பாக்குது. தப்பிச்சதுங்க மூலைக்கு ஒண்ணா நடுங்குதுங்க, அத்தனை பாதமும் கடிபட்டு, வீங்கி, ரத்தம் கட்டி. இந்தப் பக்கம் மருந்துக் கூண்டுல எல்லாம் சாதுவா சுருண்டு தூங்குது. பாத்ததும் எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு டாக்டர். என் மருந்து வேலை செஞ்சிருக்குன்னு கலங்கிடுச்சு.

இல்ல, நீங்க சொல்றது எனக்குத் தெரியும். கடிச்சு வீங்கினது வேற, வியாதியில வீங்கினது வேற. ஆனா ஏற்கெனவே வியாதி இருக்கிற கால்தானே அது? கடிக்காட்டியும் வீங்கத்தானே போகுது? கொஞ்சம் முந்திக்கிச்சு. அளந்தேன். கருவி பொய் சொல்லாது. அளக்கிறவனுக்கு எது எந்தக் கூட்டம்னு தெரியக்கூடாதுன்னு ஒரு விதி உண்டு, அடையாளத்தை மறைச்சுத்தான் குடுப்பாங்க. கழுவினதே நான். எனக்குத் தெரிஞ்சதை நான் எப்படி மறக்கிறது?

அப்பதான் மெர்லின் வந்தா. நாகர்கோவில் பக்கத்துப் பொண்ணு. என்கிட்ட பிஎச்.டி. முடிச்சு என்கிட்டயே வேலை பாத்தா. நான் செதுக்கின பொண்ணு. கூண்டைப் பாத்தா, என்னைப் பாத்தா. "சார், இது நோய் வீக்கம் இல்ல. கடிச்சதுல்லா வீங்கிருக்கு. இதைக் கணக்குல சேக்கக் கூடாது சார்." எவ்வளவு மெதுவாச் சொன்னா தெரியுமா. அந்த மெதுவுதான் என்னால தாங்க முடியல. பக்கத்துல இருந்த பீக்கரை எடுத்துச் சுவர்ல அடிச்சேன். அவ மேல இல்ல, சுவர்ல. ஒரு சில்லு தெறிச்சு அவ புருவத்துல பட்டுச்சு, அதுக்கு நான் என்ன பண்ணுவேன்?

குழு வந்துச்சு. படம் போட்டுக் காட்டினேன். ஒரு பக்கம் வீங்கின பாதம், ஒரு பக்கம் நல்ல பாதம். எழுந்து நின்னு கைதட்டினாங்க. மெர்லின் கடைசி வரிசையில புருவத்துல பிளாஸ்திரியோட உட்கார்ந்திருந்தா. கைதட்டல. நான் கவனிச்சேன்.

அன்னைக்கே வீட்டுக்கு எடுத்துட்டுப் போனேன். என்னத்தை எடுத்துட்டுப் போனேனா? மருந்தைத்தான். வேற என்னத்தை? வடிவு எத்தனை வருஷமா காத்துக்கிட்டிருக்கா. குழு கையெழுத்துப் போட்டு, மனுஷனுக்குச் சோதனை ஆரம்பிச்சு, அது ஊர் சுத்தி என் வீட்டு வாசலுக்கு வர்றதுக்குள்ள அவ விரல் எல்லாம் வேர் மாதிரி முறுக்கிக்கும். ஊருக்கெல்லாம் வைத்தியம் பாத்துட்டு வீட்டுல இருக்கிறவளை விட்டா நான் மனுஷனா? இதுல என்ன முகம் சுளிக்கிறீங்க?

மத்த மாத்திரையெல்லாம் வர்றேன்மா. எங்க ஓடிடப் போறேன்.

தினம் காலையில காபி குடிச்சதும் அவ கையைப் பிடிச்சு, "மடக்கு"ம்பேன். முதல்ல சிரிச்சுக்கிட்டே மடக்கினா. அப்புறம் முகம் கோணுச்சு. அப்புறம் "வலிக்குதுங்க, விடுங்க"ன்னா. விட்டா எப்படித் தெரியும்? நான் அவ விரலை என் கைக்குள்ள வெச்சு ஒண்ணொண்ணா அழுத்தி மடக்குவேன். ஒருநாள் சுண்டுவிரல் 'டக்'னுச்சு. அலறினா பாருங்க, மாடி வீட்டுக்காரன் இறங்கி வந்துட்டான். "குடும்ப விஷயம்"னு சொல்லிக் கதவைச் சாத்தினேன். வலின்னா உள்ள மருந்து வேலை பாக்குதுன்னு அர்த்தம். புண்ணு ஆறும்போது அரிக்கிறதில்லையா, அந்த மாதிரி.

இன்னொண்ணு சொல்றேன், கேளுங்க. முகம்! உப்பிப்போய்க் கிடந்த முகம் வத்தி, கல்யாணத்தப்ப இருந்த முகம் திரும்பி வந்துச்சு. இடுப்பு இளைச்சுது. புடவை நிக்காம நழுவும். எனக்கு அவ்வளவு சந்தோஷம். கண்ணாடி முன்னாடி நிறுத்தி, "பாரு வடிவு, பாரு"ன்னேன். அவளால நிக்க முடியல, சுவரைப் பிடிச்சுக்கிட்டா. எந்திரிச்சா தலை சுத்துதுங்கிறா, சாப்பிட்டா குமட்டுதுங்கிறா. அது பொம்பளைங்க எப்பவும் சொல்றதுதானே. ஒருநாள் அவ தம்பிக்கு ரகசியமா போன் போட்டு, "என்னை வந்து கூட்டிட்டுப் போடா"ங்கிறா. போனைப் பிடுங்கி சமையல் மேடை கருங்கல்லுல வெச்சுத் தேங்காய் உடைக்கிற மாதிரி அடிச்சேன். போனைத்தான். அவளை நான் தொடக்கூட இல்ல. நடுவுல வந்து விழுந்தது அவ தப்பு.

கூப்பிடுறாங்களா? போயிட்டு வாங்க. நான் இங்கதான் இருக்கேன்.

...

வந்துட்டீங்களா. ஏன் இப்படி மூச்சு வாங்குது? சர்க்கரையும் இறங்கிடுச்சா. சரி, குளுக்கோஸ் போடுங்க. கிருமித் தொற்றா இருக்கும்னு நினைக்கிறீங்களா? என்னமோ போங்க, சொல்லிட்டே இருக்கேன், குறுக்க பேசினா எனக்கு விட்டுப் போகுது. எங்க விட்டேன்? மெர்லின்.

அந்தப் பொண்ணு என் முதுகுக்குப் பின்னாடி அதே பரிசோதனையைத் திரும்பப் பண்ணியிருக்கா. ஒண்ணாப் பிறந்ததுங்களை ஒண்ணா வெச்சு, பழைய பஞ்சு போட்டு, எது எந்தக் கூட்டம்னு தனக்கே தெரியாம மறைச்சு அளந்திருக்கா. சண்டை இல்ல, கடி இல்ல. கடைசியில பிரிச்சுப் பாத்தா மருந்து சாப்பிட்டதும் வீங்கியிருக்கு, சாப்பிடாததும் வீங்கியிருக்கு. வித்தியாசமே இல்லையாம். என்கிட்ட தனியா வந்து சொல்லியிருக்கலாம்ல? வந்தா, வரலன்னு சொல்லல. மூணு தடவை வந்தா. கதவைச் சாத்திட்டேன். அதுக்காக மீட்டிங்ல, இயக்குநர் முன்னாடி எந்திரிச்சு நின்னு சொல்றதா? "சார் மேல எனக்கு மரியாதை உண்டு. ஆனா இந்த மருந்து வேலை செய்யல. மனுஷங்களுக்குக் குடுக்கக் கூடாது."

கேட்டதும் எனக்குக் காது அடைச்சுப் போச்சு. ஏன்னு உங்களுக்குத் தெரியும்ல? அப்போ வீட்டுல வடிவு அந்த மருந்தைத்தான் சாப்பிட்டுக்கிட்டிருக்கா. இவ சொல்றது உண்மைன்னா நான் என் பொண்டாட்டிக்கு என்ன பண்ணிட்டேன்னு ஆகுது? அப்படி ஆகுறதுக்கு நான் விடுவேனா? மீட்டிங்ல இருந்து எழுந்து நேரா எலிக்கூடத்துக்குப் போனேன். மூலையில ஒரு பெரிய இரும்புக் கூண்டு கிடந்துச்சு, முன்னாடி முயலுக்கு வெச்சிருந்தது. மெர்லினோட எலி அத்தனையையும், ஒவ்வொரு கூண்டா கவுத்து, அதுல கொட்டினேன். எல்லாம் ஆணு. ஒண்ணை ஒண்ணு தெரியாது.

கொஞ்ச நேரம் சும்மாதான் இருந்துச்சு. மோந்து பாத்துச்சுங்க. வாலை ஆட்டுச்சுங்க. அப்புறம் ஒண்ணு பாய்ஞ்சுது. அவ்வளவுதான், கூண்டே கொதிச்சுது. கீச்சுக் கீச்சுன்னு சத்தம் இல்ல டாக்டர், கத்தினதுங்க. மனுஷன் மாதிரி கத்தினதுங்க. காது தனியா, பாதம் தனியா தெறிக்குது. கண்ணு போனது கண்ணு இருக்கிறதைக் கடிக்குது. கீழ கிடக்கிறதை மேல இருக்கிறது கிழிக்குது, அதை அதுக்கு மேல இருக்கிறது. வீங்கின காலை வெச்சுக்கிட்டு நடக்கவே முடியாததுங்க, கொல்றதுக்கு மட்டும் எங்க இருந்து பலம் வந்துச்சோ. நான் தடுக்காம நின்னு பாத்தேன். இதுல எந்தக் கணக்கை அவ காட்டப் போறா, காட்டட்டும்னு நின்னேன். மனசு குளிர்ந்து போச்சு, பொய் சொல்லக் கூடாது.

மெர்லின் ஓடி வந்தா. கையுறை கூடப் போடல. "அய்யோ சாரே, என்ன காரியம் பண்றீக"ன்னு கத்திக்கிட்டே ரெண்டு கையையும் உள்ள விட்டா. உயிரோட கிடந்ததுங்களைப் பிரிச்சு எடுக்கிறாளாம். எலிங்க சும்மா விடுமா? விரலைக் கவ்விக்கிட்டுத் தொங்குதுங்க. அப்பவும் கையை எடுக்கல. என் பக்கமே திரும்பல. அந்த எலிங்க மேல இருக்கிற அக்கறை என் மேல இல்ல. கூண்டு மூடியை நான்தான் தூக்கிப் பிடிச்சிருந்தேன். இரும்பு மூடி, நல்ல கனம். விட்டேன். விழுந்துச்சு. "அமுக்கினீங்க"ன்னு அவ சொல்றா. மூடின்னா மூடத்தானே செய்யும். எலும்பு முறியிற சத்தம் எனக்குக் கேட்டுச்சு, ஆனா அது எலியோடதுன்னு நினைச்சேன்.

சஸ்பெண்ட் பண்ணினாங்க. பண்ணட்டும். என் ஆத்திரம் அது இல்ல. அந்தப் பொண்ணு போலீசுக்குப் போகல டாக்டர். போயிருந்தா நான் வக்கீல் வெச்சு நாலு கேள்வி கேட்டிருப்பேன். நல்லது கெட்டது பேசலாம்னு நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன், கை ரெண்டும் கட்டோட படுத்திருக்கா, அவங்கப்பா ஸ்பூன்ல கஞ்சி ஊட்டிக்கிட்டிருக்கார். என்னைப் பாத்ததும் அந்த மனுஷன் எந்திரிச்சாரு. அடிக்க வர்றாருன்னு நான் முஷ்டியை மடக்கிட்டேன். நாற்காலியை என் பக்கம் தள்ளிப் போட்டாரு. "உட்காருங்க சார்"ங்கிறாரு. இந்தப் பொண்ணு சொல்றா, "சார், நான் யார்கிட்டயும் எதுவும் சொல்ல மாட்டேன். அந்த மருந்தை மட்டும் மனுஷங்க யாருக்கும் குடுத்துராதீங்க சார். பழைய மாத்திரையை நம்பி இருக்கவுங்க அதை விட்டுட்டு இதுக்கு வந்தா செத்துருவாங்க சார்." எவ்வளவு திமிர் பாருங்க. கட்டிலை ஒரு உதை விட்டுட்டு வந்தேன். கட்டிலைத்தான்.

அன்னைக்கு வீட்டுக்கு வந்து வடிவுக்கு மருந்தை ரெண்டு மடங்கா குடுத்தேன். எவ பேச்சு ஜெயிக்குதுன்னு பாத்துடலாம்னு.

இன்னைக்குக் காலையிலயா? சொல்றேன். காபி போடப் போனா. நான் வழக்கம்போலக் கையை நீட்டி "மடக்கு"ன்னேன். என்னையே பாத்தா. மடக்கவே இல்ல. சரிஞ்சு, கேஸ் அடுப்பு மேல தலை பட்டு, கீழ விழுந்தா. பால் அவ மேல கொட்டுச்சு. நடிக்கிறான்னு நினைச்சேன். தம்பி வீட்டுக்குப் போறதுக்கு இது ஒரு வழி. ரெண்டு அறை விட்டேன், முழிப்பு வர்றதுக்கு. நீங்களும் கன்னத்துல தட்டித்தானே எழுப்புவீங்க? கண்ணு மேல சொருகிடுச்சு. உடம்பு ஜில்லுன்னு இருந்துச்சு. மாடி வீட்டுக்காரன் கதவை உடைச்சுக்கிட்டு உள்ள வந்தான், அவன்தான் ஆம்புலன்சுக்குப் போன் பண்ணினான். நான் அவன் சட்டையைப் பிடிச்சேன், யாரைக் கேட்டுய்யா கதவை உடைச்சேன்னு.

ஏம்மா இப்படிக் கத்துறே? மரியாதையாப் பேசு. நானும் இவ்வளவு நேரம் நீங்க வாங்கன்னுதானே பேசிக்கிட்டிருக்கேன். என் மருந்தைத் தவிர வேற என்ன சாப்பிட்டாங்க, என்ன சாப்பிட்டாங்கன்னு ஒரே பாட்டு. ஒண்ணும் சாப்பிடல! போதுமா? மத்ததெல்லாம் நிறுத்தியாச்சு. முன்னாடி என்ன சாப்பிட்டாளா? அதான் எல்லாரும் எழுதிக் குடுப்பீங்களே, ஸ்டீராய்டு. வருஷக்கணக்கா ஸ்டீராய்டுதான். அதுலதான் முகம் பூரி மாதிரி உப்பிப்போச்சு. என் மருந்து ஆரம்பிச்ச அன்னைக்கே அட்டை அட்டையா எடுத்து டாய்லெட்ல போட்டுத் தண்ணி ஊத்திட்டேன். அவ என் காலைப் பிடிச்சா, "கொஞ்சம் கொஞ்சமாக் குறைக்கணும்னு டாக்டர் சொன்னாருங்க, ஒரேயடியா விட்டா உயிருக்கு ஆபத்துன்னாருங்க"ன்னு. எனக்கே பாடம் எடுக்கிறா! எனக்குத் தெரியாதா? ஒரேயடியா விட்டா உடம்பு சரிஞ்சிடும், பிரஷர் இறங்கும், சர்க்கரை இறங்கும், எல்லாம் நானே புத்தகத்துல எழுதியிருக்கேன். அதெல்லாம் வேற மருந்து இல்லாதவங்களுக்கு. என் மருந்து இருக்கும்போது எதுக்கு...

ஏய்! எங்க ஓடுறே? ஏம்மா! நான் இன்னும் முடிக்கலையே. டாக்டர்!

பாத்தீங்களா செக்யூரிட்டி? நீங்களே சொல்லுங்க. ஒரு பெரிய மனுஷன் பேசிக்கிட்டிருக்கும்போது பாதியில நாற்காலியைத் தள்ளிவிட்டுட்டு ஓடுறா. இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்குக் காது கொடுத்துக் கேக்கிற பொறுமையே கிடையாது. மெர்லினும் இப்படித்தான். உள்ள என்ன கத்துறா அவ? என்ன ஊசியை எடுக்கச் சொல்றா? ஹைட்ரோ... ஸ்டீராய்டு! ஸ்டீராய்டு ஊசி போடப் போறா!

விடுய்யா. கையை விடு. கதவைத் திற. திறங்கடா! உடைச்சுடுவேன், கண்ணாடியை உடைச்சுடுவேன்! உனக்கு என்னய்யா தெரியும்? ஆராய்ச்சின்னா என்னன்னு தெரியுமா உனக்கு? ஒரு மருந்தைச் சோதிக்கும்போது இன்னொரு மருந்தைக் கலக்கக் கூடாது. கலந்தா அத்தனையும் பாழ்! அந்தப் பொண்ணைத் தடுய்யா. வடிவு, கையை நீட்டாதே! ஊசி போட விடாதே! யோவ், புரிஞ்சுக்கோய்யா, அவ இப்போ பிழைச்சுட்டா, அது என் மருந்தாலதான்னு நான் யார்கிட்ட போய் நிரூபிப்பேன்?